மெட்டி இறுகியபோது: சிறுநீரகக் கோளாற்றை முன்கூட்டியே கண்டுகொள்வது எப்படி?

என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை வந்து 14 வருடம் ஆகியிருந்தது. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனபோது, "இப்பல்லாம் சுகர் நல்லா இறங்கிடுச்சுப்பா. ஊசியைப் பாதியாக் குறைச்சிட்டேன். அப்பவும் சில நாள் படபடன்னு வந்து, ஒரு கை சர்க்கரையை அள்ளி வாயில போட்டுக்கிறேன்" என்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்குக் கிடைத்த பலன் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். பேசிக்கொண்டே காலை நீட்டி உட்கார்ந்தவர், மெட்டியைத் திருகித் திருகிப் பார்த்தார். "இதுதான் கழற்ற வரலை. சோப்புப் போட்டும் பார்த்தாச்சு. ஆடி மாசம் லூசா இருந்துச்சு." கால் விரல்கள் பளபளவென்று ஊதியிருந்தன. செருப்பு வார் அழுத்திய இடம் தனியாகப் பள்ளமாய்த் தெரிந்தது.

நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். அந்தக் காலைப் பார்த்ததும் மனசு சரியில்லை. மறுநாளே ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் 3.1 இருந்தது. அவருடைய 61 வயதுக்குக் கணக்குப் போட்டால், சிறுநீரகம் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 16 வருகிறது. நன்றாக இருக்கும் சிறுநீரகத்தில் அது 90க்கு மேல் இருக்கும். சர்க்கரை இறங்கியதற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. உடலில் இன்சுலினை அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளர்ந்தால், போட்ட ஊசி மருந்து ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கிவிடும். சர்க்கரை தானாக இறங்கும். பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர் ஒருவர், எதையும் மாற்றாமலே "மாத்திரை குறைஞ்சிடுச்சு, ஊசி குறைஞ்சிடுச்சு" என்று சொன்னால், அவருக்குக் கிரியாட்டினின் பார்த்தே ஆக வேண்டும். இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், இந்த அறிகுறியை யாரும் அறிகுறியாகவே நினைப்பதில்லை.

சிறுநீரகக் கோளாறுகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன, வேறு ஏதோ ஒன்றின் வேஷத்தில். அந்த வேஷங்களை அடையாளம் காண்பது எப்படி, எந்த டெஸ்டைக் கேட்டு எடுப்பது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாமல் இருக்க இது உதவினால் போதும்.

ஏன் சத்தமே இல்லாமல் கெடுகிறது?

நமக்கு இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் மூடிய கைப்பிடி அளவுதான். ஒன்றில் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. அவற்றை நெஃப்ரான் என்பார்கள். ஒரு நாளில் இந்த வடிகட்டிகள் வழியே ஏறத்தாழ 180 லிட்டர் நீர் வடிந்து, உடலுக்கு வேண்டியதெல்லாம் திரும்ப உறிஞ்சப்பட்டு, கடைசியில் ஒன்றரை இரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேறுகிறது. கழிவை அகற்றுவதோடு வேலை முடிவதில்லை. ரத்த அழுத்தத்தைச் சரியாக வைப்பது, எலும்பு மஜ்ஜை ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பது, வைட்டமின் டியை உடல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவது, பொட்டாசியம், உப்பு, அமிலம் ஆகியவற்றின் அளவைக் காப்பது என்று பல வேலைகள் இருக்கின்றன.

ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவர் மற்றொன்றை வைத்துக்கொண்டு நல்லபடியாக வாழ்கிறார். அவ்வளவு கையிருப்பு அந்த உறுப்புக்கு உண்டு. நமக்கு ஆபத்தாக முடிவதும் அந்தக் கையிருப்புதான். சில நெஃப்ரான்கள் செத்துப்போனால் மிச்சம் இருப்பவை கூடுதல் சுமையை இழுத்துக்கொண்டு ஓடும். வெளியே எதுவும் தெரியாது. பாதிக்குமேல் போன பிறகும் பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அதனால், "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்பதைச் சிறுநீரகத்தின் விஷயத்தில் நம்ப முடியாது.

நுரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

அறிகுறிகளில் மிகச் சீக்கிரம் கண்ணில் படக்கூடியது நுரைதான். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

சிறுநீர் வேகமாக விழுந்தால் யாருக்கும் கொஞ்சம் குமிழி வரும், உடனே அடங்கிவிடும். கழிப்பறையில் சோப்பு, கிளீனர் இருந்தாலும் நுரைக்கும். கவனிக்க வேண்டிய நுரை வேறு மாதிரி. சோற்றுக் கஞ்சி பொங்கி அடங்கிய பிறகு மேலே ஏடு மாதிரி நிற்குமே, அப்படிச் சிறு சிறு குமிழிகளாக அடர்ந்து நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்தும் போகாது. ஒரு தடவை தண்ணீர் ஊற்றினாலும் மிச்சம் இருக்கும். நாள் தவறாமல் வரும். அப்படி வந்தால் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். நல்ல வடிகட்டி புரதத்தை வெளியே விடாது. துளை பெரிதாகிவிட்டால் புரதம் கசியும். முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தால் நுரைப்பதும் அதிலுள்ள புரதத்தால்தான்.

எங்கள் கூடத்தில் இதைப் பார்க்க ஒரு சின்ன பட்டை இருக்கிறது. விரல் நீளம் இருக்கும், அதில் வண்ண வண்ணக் கட்டங்கள் ஒட்டியிருக்கும். புரதத்துக்கான கட்டம் மஞ்சள். பட்டையைச் சிறுநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, விளிம்பில் வழியும் துளியைத் தட்டிவிட்டு, ஒரு நிமிடம் காத்திருப்போம். மஞ்சள் அப்படியே இருந்தால் நல்லது. லேசாகப் பச்சை ஏறினால் டிரேஸ் (மிகச் சிறிதளவு) அல்லது 1+ என்று எழுதுவோம். நன்றாகப் பச்சையானால் 2+. நீலம் கலந்த பச்சைக்குப் போனால் 3+. உங்கள் ரிப்போர்ட்டில் "அல்புமின்" என்று போட்டு எதிரே இருப்பது இதுதான். நிறையப் பேர் அந்த வரியைத் தாண்டிச் சர்க்கரை வரியை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைப்பதை நான் தினமும் பார்க்கிறேன். அப்படி மடிக்கும்போதெல்லாம் கூப்பிட்டுக் காட்டத் தோன்றும். கூப்பிட்டுக் காட்டியும் இருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை 1+ வந்தால் பதற வேண்டாம். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் நாட்கள் என்று தற்காலிகக் காரணங்கள் உண்டு. ஆனால் அதை அப்படியே மறந்துவிடவும் கூடாது. காரணம் விலகியபின் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று: சர்க்கரை நோயில் முதலில் கசிவது மிகச் சிறிய அளவு. அது பட்டைக்குப் பிடிபடாமல் போகலாம். அதற்கென்று தனி டெஸ்ட் இருக்கிறது. யூரின் ஏ.சி.ஆர். என்று கேட்டால் எடுப்பார்கள். அல்புமினையும் கிரியாட்டினினையும் ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது. 30க்குக் கீழே இருந்தால் நல்லது. 30லிருந்து 300 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது. 300க்கு மேல் என்றால் கசிவு அதிகம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுத்தால் கணக்கு சரியாக வரும். தொடக்கத்தில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடிக்க வேண்டும்.

பட்டையெல்லாம் பரவலாக இல்லாத இடத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம்.கே. மணி, 1990களில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலமாகச் சென்னைக்கு அருகே உள்ள கிராமங்களில் ஒரு திட்டத்தை நடத்தினார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். சில கேள்விகள், ரத்த அழுத்தம், சிறுநீர்ச் சோதனை, அவ்வளவுதான். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தை விட்டால், புரதம் இருக்கும்போது அது பால் கலந்த மாதிரி கலங்கும். சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல். கண்டுபிடித்தவர்களுக்கு விலை குறைந்த சாதாரண மாத்திரைகளால் அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு சோதனைக் குழாயும் அழுத்தம் பார்க்கும் கருவியும் வைத்துக்கொண்டு ஒரு ஊரையே பார்க்க முடியும் என்றால், வீட்டுக்குப் பக்கத்திலேயே லேப் இருக்கிற நாம் வருடத்துக்கு ஒரு தடவை ஒரு டப்பாவில் சிறுநீர் கொடுப்பது பெரிய காரியமே இல்லை.

நுரையோடு சேர்த்து ஒரு விஷயம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023 வாக்கில் சிறுநீரில் புரதமும் வீக்கமுமாக வந்த சில நோயாளிகளை விசாரித்தபோது, அவர்கள் தோலை வெளுப்பாக்கும் கிரீம்களைப் பூசியது தெரியவந்தது. அந்த கிரீம்களில் பாதரசம் இருந்தது. அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரக வடிகட்டியைத் தாக்கியிருக்கிறது. வயதில் சிறியவர்கள், சர்க்கரையும் இல்லை, அழுத்தமும் இல்லை. லேபிள் இல்லாத, யாரோ கொண்டுவந்து கொடுத்த கிரீம் வீட்டில் இருந்தால் தூக்கிப்போடுங்கள்.

வீக்கம்: காலையில் கண், மாலையில் கால்

புரதம் வெளியே போய்விட்டால் ரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கும் சக்தி குறையும். உப்பும் தண்ணீரும் சரியாக வெளியேறாவிட்டாலும் நீர் தேங்கும். தேங்கிய நீர் பள்ளத்தைத் தேடிப் போகும். படுத்திருந்துவிட்டுக் காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி, முகத்தில் ஊதியிருக்கும். நாளெல்லாம் நின்று நடந்தால் சாயங்காலம் காலில் இறங்கிவிடும். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன் எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அது நீர் வீக்கம். மெட்டி, கொலுசு, மோதிரம், பாவாடை நாடாவின் தடம், சாக்ஸின் மேல் விளிம்பு இவையெல்லாம் நம்மைவிட முன்னாலேயே சொல்லிவிடும். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கிலோ எடை ஏறினால் அதுவும் நீராக இருக்கலாம்.

கால் வீங்கினாலே கிட்னி என்று முடிவு கட்டக் கூடாது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஆம்லோடிபின் மாத்திரையால் கால் வீங்குவது மிகச் சாதாரணம். இதயம், கல்லீரல், தைராய்டு, இரவெல்லாம் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வந்தது என்று வேறு காரணங்களும் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு அவசரம். ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். எந்த வீக்கமாக இருந்தாலும், ஒரு சிறுநீர்ச் சோதனை எடுத்தால் சிறுநீரகமா இல்லையா என்பதில் பாதி தெளிவு வந்துவிடும்.

குழந்தைகளைப் பெற்றவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை உள்ள பிள்ளைக்குக் காலையில் கண் வீங்கியிருந்தால், "பூச்சி கடிச்சிருக்கும்", "சளி பிடிச்சிருக்கு", "ராத்திரி அழுதுட்டுத் தூங்கினான்" என்றுதான் நினைப்போம். மத்தியானத்துக்குள் வடிந்தும்விடும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அப்படி இருந்தால், சிறுநீர் குறைந்தால், வயிறு உப்பினால், நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற கோளாறாக இருக்கலாம். சிறுநீரில் புரதம் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு மருந்தில் நன்றாகக் கட்டுப்படுகிறது. கண் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாளைக் கடத்துவதுதான் தவறு.

நிறமும் நேரமும்

முன்பு இரவில் எழாதவர் இப்போது இரண்டு மூன்று தடவை எழுந்து போகிறார் என்றால் கவனிக்க வேண்டும். சிறுநீரைச் செறிவாக்கும் திறனைச் சிறுநீரகம் இழக்கும்போது இரவிலும் நிறைய நீர் வெளியேறும். சர்க்கரை கூடினாலும், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கினாலும் இதே தொந்தரவு வரும். ஆகவே "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் காரணத்தைப் பார்க்க வேண்டும்.

நிறத்தில், கோலா பானம் அல்லது கட்டங்காப்பி மாதிரி இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். சிவப்பாக ரத்தம் தெரிந்தாலும் அப்படியே. அதிலும் 40 வயதைத் தாண்டியவருக்கு வலியே இல்லாமல் ரத்தம் வந்து நின்றுவிட்டால், நின்றுவிட்டதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தாலும் இப்படித்தான் ஒரு தடவை காட்டிவிட்டு மறையும். சரி, எல்லா நிறமும் நோயல்ல. பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் ஆரஞ்சாக்கும், பி காம்ப்ளக்ஸ் மாத்திரை பளிச்சென்ற மஞ்சளாக்கும்.

சிறுநீரகத்தின் பெயரே வராத அறிகுறிகள்

இந்தப் பகுதியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்தபிறகு வருபவை இவை. எல்லாமே வேறு ஏதோ மாதிரித்தான் இருக்கும்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எதைச் செய்தாலும் அசதி. ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் 8, 9 என்று நிற்கிறது. முருங்கைக்கீரை, பேரீச்சை, இரும்புச்சத்து மாத்திரை என்று மாதக்கணக்கில் போகும். ரத்தம் ஏறாது. ரத்தம் உண்டாக்கச் சொல்லும் ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்து வராமல் போனால் இரும்பு மட்டும் கொடுத்து என்ன பயன்? காரணம் புரியாத சோகைக்குக் கிரியாட்டினினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பசி போய்விடும். காலையில் பல் தேய்க்கும்போது குமட்டும். வாயில் ஏதோ உலோகத்தை வைத்த மாதிரி ருசி. அல்சர் என்று நினைத்து மெடிக்கலில் ஜெல் வாங்கிக் குடித்துக்கொண்டே இருப்பார்கள். உடம்பெல்லாம் அரிக்கும், தோலில் தடிப்பு எதுவும் இருக்காது; சொறிந்த கோடு மட்டும் இருக்கும். ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கும். என் பெரியம்மாவுக்கு அரிப்பு ஆறு மாதமாக இருந்திருக்கிறது. வேப்பிலை அரைத்துப் பூசினார், சோப்பை மாற்றினார், கத்திரிக்காயை நிறுத்தினார். ஒருநாள்கூட அதை எங்களிடம் ஒரு நோயாகச் சொல்லவில்லை. அரிப்புக்குக் கிட்னி டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ரத்த அழுத்தம் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கெட்ட சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றும். 30 வயதுக்குள் அழுத்தம் வந்தால், அல்லது மூன்று மாத்திரை போட்டும் இறங்காமல் நின்றால், சிறுநீரகத்தைப் பார்க்காமல் விடக் கூடாது.

இந்த அறிகுறிகளில் முதுகு வலி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். "இடுப்பு வலிக்குது, கிட்னியா இருக்குமோ" என்று பயந்து வருபவர்கள்தான் எங்களிடம் அதிகம். குனிந்து நிமிர்ந்தால் கூடும் இடுப்பு வலி பெரும்பாலும் தசை, எலும்பு சம்பந்தப்பட்டது. கல் அடைத்தால் வலிக்கும். விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறுவரை அலை அலையாக, உட்காரவும் படுக்கவும் முடியாமல் துடிக்க வைக்கும். தொற்று ஏறினால் குளிர் காய்ச்சலோடு வலிக்கும். ஆனால் சர்க்கரையாலும் அழுத்தத்தாலும் வருடக்கணக்கில் கெடும் சிறுநீரகம் வலிப்பதே இல்லை. வலி வந்தவர் ஓடி வருகிறார், வலி வராத சர்க்கரைக்காரர் வீட்டில் இருக்கிறார். எனக்குக் கவலை இரண்டாமவரைப் பற்றித்தான்.

கிரியாட்டினின் 1.2 என்றால் நார்மலா?

ரிப்போர்ட்டில் 0.6 முதல் 1.2 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து 1.2க்கு நிம்மதியாகப் போய்விடுகிறோம். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் இருந்தால் அதுவும் அதிகம் வரும். 25 வயது ஆணுக்கு 1.2 இருந்தால், வடிகட்டும் திறன் கணக்கில் சுமார் 86 வரும். அதே 1.2 எழுபது வயதுப் பாட்டிக்கு வந்தால் கணக்கு சுமார் 49தான். ஒரே எண், ஒருவருக்குப் பயமில்லை, மற்றவருக்குச் சிறுநீரகம் கிட்டத்தட்ட பாதி. அதனால் கிரியாட்டினின் எண்ணோடு இ.ஜி.எஃப்.ஆர். என்ற கணக்கையும் கேளுங்கள். வயது, ஆணா பெண்ணா என்பதைச் சேர்த்துப் போடும் கணக்கு அது. பல லேப்களில் கூடுதல் பணமில்லாமல் போட்டுத் தருவார்கள். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்குமேல் நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப்போடாதீர்கள். போன வருடம் 0.7 இருந்தவருக்கு இந்த வருடம் 1.1 என்றால், அச்சடித்த எல்லைக்குள் இருந்தாலும் அது ஏற்றம்தான். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால்தான் அது தெரியும்.

யாரெல்லாம் ஒன்றும் இல்லாமலே வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்? முதலில் சர்க்கரை நோயாளிகள். இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால் கண்டுபிடித்த அன்றே முதல் தடவை எடுக்க வேண்டும், ஏனென்றால் சர்க்கரை எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் இருப்பவர்கள், கல் வந்தவர்கள், கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறிய பெண்கள், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையை மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்கள், என்ன கலந்தது என்று தெரியாத பஸ்பம், செந்தூரம் சாப்பிடுகிறவர்கள்.

வெயிலில் உழைப்பவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையின் அனுராதபுரம் பகுதியில் 1990களிலிருந்து, சர்க்கரையும் அழுத்தமும் இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் பழுதாகி வருகிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் இதே கதை. காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை; வெப்பம், தண்ணீர், பூச்சிமருந்து என்று பலதையும் ஆராய்கிறார்கள். இந்த வகையில் சிறுநீரில் புரதம் அதிகம் போவதில்லை. நுரை வராது, பட்டை மஞ்சளாகவே இருக்கும். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால்தான் தெரியும். நம் உப்பளங்களிலும் வயல்களிலும், கழிப்பறை இல்லாததால் பெண்கள் நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். வேலை செய்யும் இடத்தில் ஒரு கழிப்பறை இருந்தால் அவர்கள் தண்ணீர் குடிப்பார்கள். இதைக் கேட்டு வாங்கித் தருவதும் சிறுநீரகத்துக்கான வைத்தியம்தான்.

சந்தேகம் வந்தவுடன் நம் வீடுகளில் நடப்பது என்ன? "தண்ணி நிறையக் குடி, இளநி குடி, வாழைத்தண்டுச் சாறு குடி." கல் வந்தவருக்குத் தண்ணீர் நல்லது. ஆனால் கால் வீங்கி, சிறுநீர் குறைந்தவருக்குத் தண்ணீரை ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் அது வெளியேறாமல் ஏறி, இதயத்தையே நிறுத்தக்கூடும். ரிப்போர்ட் வரும்வரை எந்தச் சாறும் வேண்டாம்.

இவை வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: சிறுநீர் அடியோடு நின்றுபோவது, மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுவது, குழப்பமாகப் பேசுவது, நிற்காத வாந்தி, விலா வலியோடு குளிர் காய்ச்சல். கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகோ, கண்ணாடி விரியன் கடிக்குப் பிறகோ சிறுநீர் குறைந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். திடீரென்று பழுதான சிறுநீரகம் சரியான நேரத்தில் வைத்தியம் கிடைத்தால் பெரும்பாலும் மீண்டு வரும்.

நாள்பட்டுக் கெட்டது மீளாது, ஆனால் நிறுத்தி வைக்க முடியும். கசிவைக் குறைக்கும் அழுத்த மாத்திரைகள் இருக்கின்றன. சர்க்கரைக்கு வந்த டாபாக்ளிஃப்ளோசின் வகை மருந்துகள் சிறுநீரகத்தையும் காப்பது உறுதியாகியிருக்கிறது. 2020இல் அதன் முக்கியக் காப்புரிமை முடிந்தபிறகு நம் ஊரில் விலையும் நன்றாகக் குறைந்துவிட்டது. சீக்கிரம் கண்டுபிடித்தவருக்குத்தான் இவற்றால் அதிகப் பலன். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனைகளுக்குப் பணம் கிடையாது.

பெரியம்மாவின் மெட்டியை அந்த வாரம் நகைக்கடையில் கொடுத்து வெட்டித்தான் எடுத்தோம். மூன்று வருடமாக டயாலிசிஸ் இல்லாமல் மருந்திலும் சாப்பாட்டிலும் ஓட்டுகிறார். கிரியாட்டினின் 3.6இல் இருக்கிறது. முதல் சோதனைக்கு அவரோடு துணைக்கு வந்தவர் அவருடைய மகள், எனக்கு அக்கா முறை; அவரிடம் அன்றைக்கே இன்னொரு டப்பாவைக் கொடுத்து நிரப்பி வரச் சொன்னேன். அக்காவுக்கு 38 வயது, சர்க்கரை வந்து நான்கு வருடம். கால் வீங்கவில்லை, நுரை இல்லை, அரிப்பு இல்லை, பட்டையும் மஞ்சளாகவே இருந்தது. ஏ.சி.ஆர். 110 வந்தது. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். போன பங்குனியில் எடுத்தபோது 28.